காய்க்காத வள்ளிக்கொடி

கள்ளக்குறிச்சி
23 ஆகஸ்ட் 2025

பகலவன் சாருக்கு,

வணக்கம். உங்கள் பொட்டலத்தை நடத்துநர் கொளஞ்சியப்பன் நேற்று மாலை கல்லூரி வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். "இன்னா மேடம், மலையில இருந்து பழைய பேப்பரா அனுப்பிக்கினு இருக்காரு சாரு, எடைக்குப் போடவா?" என்று கேட்டார். வாரம்தோறும் உங்கள் செடிகளைச் சுமக்கும் மனிதர் என்பதால் சிரித்து வைத்தேன்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படம் பாதிதான் திறந்தது. மழை தொடங்கினால் உங்கள் ஊரில் அலைபேசி படுத்துவிடுகிறது. எப்படியும் செடி பேருந்தில் வந்தாக வேண்டும். பேச்சும் அதனோடு காகிதத்திலேயே வரட்டும். எனக்கும் எழுதுவதுதான் வசதி.

இனி கொடி. இது காட்டுவள்ளி. நீங்கள் விலங்கியல் படித்தவர் என்பதால் சொல்கிறேன்: வள்ளியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு, பனையைப் போல. நீங்கள் அனுப்பிய ஏழு துண்டிலும் ஆண் பூதான். ஐந்து சிற்றிலைகள், தண்டில் முள், இலைக்கக்கத்தில் உருண்டைக் குமிழ். அடிவாரத்திலிருந்து கொல்லிமலை வரை எல்லாரும் முன்பே சேகரித்துப் பெயரிட்ட பழைய இனத்தோடு பெரும்பாலும் பொருந்துகிறது. இலையின் பின்புறம் பட்டுப்போல முடி அடர்ந்திருப்பது மட்டும் பொருந்தவில்லை. அதை வைத்து "அறிவியலுக்கே புதிய சிற்றினம்" என்று கடிதத்தின் தலையில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறீர்கள். அந்த மையை விடைத்தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் கொடியைத் தேடி, காயோடு அனுப்புங்கள். ஒரு கிழங்கும் வேண்டும். ஈரத்தாளில் சுற்ற வேண்டாம். இரண்டு துண்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஈராண்டுக்கு முன் ஆசிரியர் பயிற்சி முகாமில் இதைத்தான் ஒரு முழு மதியமும் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினீர்கள்.

நிர்மலா

———

வெள்ளிமலை
1 செப்டம்பர் 2025

அன்புள்ள மேடம்,

தலையாட்டியது உண்மை. நீங்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்கத்தான் இல்லை.

பள்ளிக்குப் பின்னால் உள்ள சரிவு முழுக்கத் தேடிவிட்டேன். பெண் கொடி ஒன்றுகூட இல்லை. நான் இந்த மலைக்கு வந்து மூன்றாவது மழைக்காலம். ஒரு முறையும் அந்தச் சரிவில் காய் பார்த்ததில்லை. விடுதிச் சமையல்காரர் ஆயம்மாள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவரையும் கேட்டேன். "இது இங்க காய்க்காது சார்" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கடையப் போய்விட்டார். எனவே என் வாதம் இது: பெண்ணே இல்லாமல், காயே இல்லாமல், குமிழ் விழுந்து முளைத்தே ஒரு மலைச்சரிவை நிறைத்திருக்கும் கொடி. இலையிலும் வேறுபாடு. இதைப் புதிய இனம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

கிழங்கு தோண்டி வைத்திருந்தேன். உங்களுக்கென்று சாக்கில் கட்டி அடுப்படி ஓரத்தில் வைத்தேன். மறுநாள் காலை தட்டில் வந்தது. உப்பு போட்டு வேகவைத்திருந்தார். நன்றாகவே இருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் வகைப்பாட்டியல் தொடங்கிவிட்டேன். உலகம், தொகுதி, வகுப்பு என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், இலைகளைக் கொண்டுவந்து கொட்டி, நீங்களே பிரியுங்கள் என்றேன். தனுஷாவின் குழு மூன்றாகப் பிரித்தது. "இது ஆடு தின்றது சார், இது தின்னாதது, இது பசிச்சா மட்டும் தின்றது." மூன்றாவது குவியலில் உங்கள் வள்ளி இருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். திருக்கோவிலூர் பள்ளியில் ராஜாங்கம் என்று ஒருவர், என் பாடம்தான், மனமொத்த மாறுதல் கேட்கிறார். அவர் மனைவி இங்கே மலையில் செவிலியர். நான் அங்கே, அவர் இங்கே. அக்டோபர் பத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கொடி புதிய இனம் என்றால் நான் இங்கேயே இருந்து, பகுதி நேர ஆய்வுக்குப் பதிவு செய்து, இதன் பின்னாலேயே நான்கைந்து ஆண்டு அலைவேன். ஐம்பது வயதில் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் அது. இல்லையென்றால் இறங்கிவிடுவேன். திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மலைப்பாதை இல்லாத நேர்ப் பேருந்து. போன மாதம் பேருந்து நிலையத்தில் உங்களிடம் கேட்க வந்து, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேனே, அதை அங்கிருந்து கேட்பேன்.

ஆக, உங்கள் முடிவில்தான் எல்லாம் இருக்கிறது. புதிய இனம் என்றால் அதற்கு உங்கள் பெயரைத்தான் வைக்கப் போகிறேன்.

பகலவன்

———

கள்ளக்குறிச்சி
9 செப்டம்பர் 2025

பகலவன் சாருக்கு,

என் பெயர் வேண்டாம். உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் தவறு. அம்மா படித்துவிட்டார். "இன்னாடி இது, உம் பேர வைக்கறதுக்கு ஒரு கெழங்குதான் கெடைச்சுதா அந்த மனுசனுக்கு? பூ கீ எதுவும் பூக்கலியா மலையில?" என்றார். மீதிக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவு தோசைக்கு இரண்டு சட்னி அரைத்தார். பெரியநாயகி அம்மாள் காரணமில்லாமல் இரண்டு சட்னி அரைப்பவர் அல்லர்.

தனுஷாவின் மூன்று குவியலைத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். ஆட்டை வளர்ப்பவருக்கு அது சரியான வகைப்பாடு. எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கேற்றபடிதான் உயிர்கள் குவியலாகின்றன. நாம் கேட்பது, எது எதோடு ஒரே வம்சம் என்பது. அதற்கு இலையின் முடி ஒன்று மட்டும் போதாது. பனிமூட்டத்தில் வளர்ந்தால் முடி அடர்வதும் உண்டு. ஓர் இனம் என்பது, யாராவது வந்து கலைக்கும்வரை நிற்கிற ஒரு கணிப்பு. நான் கலைக்கிற தரப்பில் இருந்தே பழகியவள்.

அங்கேதான் சிக்கல். பேருந்து நிலையத்தில் நீங்கள் கேட்காமல் விட்டது எனக்குப் புரிந்தது. நீங்கள் தேநீரில் சர்க்கரையே போடாமல் முழுக்கக் கலக்கினீர்கள். இப்போது நீங்கள் சொல்கிறபடி பார்த்தால், கொடி பழைய இனமானால் நீங்கள் இறங்கி வருவீர்கள். நான் அதைப் பழைய இனம் என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என் படிப்பு சொன்னதா, என் விருப்பம் சொன்னதா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை. நீங்கள் இறங்கி வர வேண்டும் என்று விரும்புகிற ஒருத்தி, உங்கள் கொடியைத் தீர்மானிக்கக் கூடாது.

ஆகவே மூன்று துண்டுகளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டேன். தமிழ்மொழி என்னோடு முதுகலை படித்தவள். அங்கே, உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு தாவரத் தொகுப்பகத்தில் வேலை. என் கருத்தையோ உங்கள் கருத்தையோ எழுதவில்லை. எடுத்த இடம், நாள், உயரம் மட்டும்.

நிர்மலா

———

வெள்ளிமலை
17 செப்டம்பர் 2025

மேடம்,

நான் உங்களிடம் ஒன்று கேட்க நினைத்தேன். நீங்கள் அதை மடித்து, சிட்டை ஒட்டி, கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டீர்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். மூன்று மழைக்காலம் அட்டை கடிக்கக் கடிக்க அந்தச் சரிவில் நின்றவன் நான். உங்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அதை முன்பின் தெரியாத ஒருவர் சொல்வதற்கு நீங்கள் எதற்கு? எதையும் சந்தேகப்படுவது உங்கள் தொழில், சரி. உங்களையே சந்தேகப்படுவதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ராஜாங்கம் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். மனைவியின் குடியிருப்பில் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தார். மாறுதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சரிவைப் பார்த்து, "நல்ல காத்து சார்" என்றார். "நல்ல காத்துதான்" என்றேன். அவர் போன பிறகு, அவருக்கு ஒரு பதில்கூடச் சொல்லாமல் ஒரு கொடிக்காக நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று இருந்தது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் பலமுறை படித்தேன். எந்த வரி என்று எழுதினால் அதையும் எங்காவது அனுப்பிவிடுவீர்கள்.

பகலவன்

———

கள்ளக்குறிச்சி
28 செப்டம்பர் 2025

பகலவன் சாருக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் மறுபடி நடந்தால் மறுபடியும் அனுப்புவேன்.

தமிழ்மொழியின் பதில் வந்தது. அவளும் ஒன்றும் தீர்க்கவில்லை: "ஆண் பூவை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன். காய் எங்கே? கூடவே, யாருடைய கொடி இது, இவ்வளவு பத்திரமாக ஒட்டியிருக்கிறாய்?"

காய் கிடைத்துவிட்டது. நேற்று மாணவிகளைக் கச்சிராயபாளையம் பக்கம் களப்பயணம் அழைத்துப்போனேன். மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு மரவள்ளிக் காட்டின் வேலி முழுக்கப் பெண் கொடி. மூன்று இறக்கை வைத்த காய்கள் சரம் சரமாகத் தொங்கின. நிலத்துக்காரர் சின்னக்கண்ணு ஓடிவந்தார்.

"இன்னா மேடம், இதையா படம் புடிக்கிறீங்க? வேலியையே சாய்ச்சுப்புடுச்சு இது. அறுத்துக்கினு போங்க, புண்ணியமாப் போவும்."

"ஒன்றை மட்டும் அறுக்காமல் விட்டுவையுங்கள், கிழங்கு எடுக்கும்வரை."

"உட்டா என் வேலி நிக்குமா? வேலி நிக்கலன்னா ஊரு ஆடெல்லாம் என் வூட்டு விருந்தாளிதான்."

கடைசியில், ஒரு மூலையில் ஒரு கொடியை விட்டுவைப்பதாக ஒப்புக்கொண்டார். மாணவிகள் அவருக்கு மிச்சத்தை அறுத்துக் கொடுத்தார்கள். உங்கள் ஆட்டு வகைப்பாடு இங்கேயும் செல்லும்போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முள், சிற்றிலையின் நரம்பு, குமிழின் தோல், எல்லாம் ஒன்று. அடிவாரக் கொடியின் இலையிலும் முடி இருக்கிறது, குறைவாக. இளந்தளிரில் உங்கள் கொடி அளவுக்கே இருக்கிறது. ஆகவே உங்கள் கொடி பழைய இனம்தான் என்று நினைக்கிறேன். மலையில் உள்ளது ஆண், அடிவாரத்தில் உள்ளது பெண். தயவுசெய்து இதில் எந்த நகைச்சுவையும் எழுதாதீர்கள். மாணவிகள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள்.

இந்த முடிவை எழுத எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அதனால்தான் படங்களையும் அளவுகளையும் கூடவே வைத்திருக்கிறேன். என்னை நம்ப வேண்டாம், அவற்றைப் பாருங்கள்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அடிவாரத்தில் பெண் கொடி இத்தனை இருக்க, உங்கள் சரிவில் ஏன் ஒன்றுகூட இல்லை? ஒரே கொடி குமிழ் விட்டு விட்டுத் தன்னையே நகலெடுத்திருந்தால் இப்படி ஆகலாம். அப்படியானால் நீங்கள் மூன்றாண்டு பார்த்தது ஓர் இனத்தை அல்ல, ஒரே செடியை. ஆனால் மற்றவை எங்கே போயின? ஆயம்மாளை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

பத்தாம் தேதி நெருங்குகிறது. கொடி எதுவானாலும், மலையில் இருப்பதுதான் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் இருங்கள். பேருந்து இரண்டு பக்கமும் ஓடுகிறது.

நிர்மலா

———

வெள்ளிமலை
7 அக்டோபர் 2025

அன்புள்ள மேடம்,

படங்களைப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க உங்கள் மீதும் கொடியின் மீதும் கோபமாக இருந்தேன். பிறகு ஆயம்மாளிடம் போனேன்.

அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஆயம்மா, அந்தச் சரிவுல வள்ளி ஏன் காய்க்கல?"

"காய்க்கறத வுட்டாத்தானே சார் காய்க்கும்."

"இன்னா சொல்றீங்க?"

"காய் வைக்கறது கெழங்கு வைக்காது. விரலாட்டம் இருக்கும், நாராப் போவும். அதப் புடுங்கிப் போட்டுடுவோம். காய்க்காததத் தோண்டிக் கெழங்க எடுத்துக்கினு, தலையத் திரும்ப மண்ணுல வச்சுட்டு வருவோம். அடுத்த மழைக்கு மறுபடி வளரும். எங்க அம்மா காலத்துல இருந்து அப்பிடித்தான்."

"போன தடவ கேட்டப்ப ஏன் இதச் சொல்லல?"

"காய்க்குமான்னு கேட்டீங்க. காய்க்காதுன்னு சொன்னேன். நீங்கதான் பேப்பர எடுத்துக்கினு ஓடிட்டீங்க."

மேடம், நான் மூன்றாண்டாகக் காடு என்று நினைத்து அட்டைக் கடியோடு நின்றது அந்த அம்மாளின் காய்கறித் தோட்டத்தில். இயற்கையின் விந்தை என்று நான் குறிப்பெழுதியது, இரண்டு தலைமுறை அடுப்படி செய்த களையெடுப்பு. வகுப்பில் மறைக்காமல் சொன்னேன். தனுஷா, "அப்ப சார், அது ஆயம்மா இனமா?" என்றாள். வகுப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் அவர்களோடு சிரித்தேன். சிரித்து முடித்தபோது, புதிய இனம் போன வருத்தத்தில் பெரும்பகுதி அதனோடேயே போயிருந்தது.

மீதி வருத்தம் இருக்கிறது. என் பெயருக்குப் பின்னால் ஒரு கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் நடந்து பார்த்தேன். நடை நன்றாகத்தான் இருந்தது.

ராஜாங்கத்தின் படிவத்தில் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொடி போனதால் மட்டுமல்ல. அவர் மனைவி எங்கள் விடுதிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வந்தபோது, ராஜாங்கமும் வந்து காத்துக்கொண்டிருந்தார்; வேலை முடிந்து இருவரும் ஒரே குடையில் போனார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு இங்கே தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. என் மனைவி இறந்த இந்த ஏழாண்டில், தனிமை எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எண்ணியிருந்தேன். உத்தரவு டிசம்பரில் வரும் என்கிறார்கள்.

திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதாக எழுதியிருந்தேன். அதுவரை பொறுக்க முடியவில்லை. புதிய இனம் எதுவும் கையில் இல்லாமல் வெறுங்கையோடு கேட்கிறேன். நாம் திருமணம் செய்துகொள்ளலாமா? யோசித்துச் சொல்லுங்கள். இதையாவது கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டாம்.

பகலவன்

———

கள்ளக்குறிச்சி
16 அக்டோபர் 2025

பகலவன் சாருக்கு,

உங்கள் கடிதத்தை இம்முறை மேசையில் வைக்கவில்லை. அம்மா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் படித்தார்.

முதலில் கொடி. ஆயம்மாள் சொன்னதைத் தமிழ்மொழிக்கு எழுதியிருந்தேன். அவள் அதைப் புதிய இனத்தைவிடப் பெரிய செய்தியாக நினைக்கிறாள். மனிதர்கள் கிழங்குக்காகத் தேர்ந்தெடுத்து, ஒரு காட்டுக்கொடியை ஒரு சரிவில் ஆணாகவே வைத்திருப்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை என்கிறாள். எனக்கும் தெரியவில்லை, ஆனால் தேடாமல் அப்படிச் சொல்ல மாட்டேன். எழுதுவதென்றால் ஆயம்மாளிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், அவர் பெயரும் கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் இருக்க வேண்டும். நீங்கள் மலையைவிட்டு இறங்குவதற்கு முன் அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, இன்னும் ஒரு சோதனை பாக்கி. இலையும் முள்ளும் ஒத்துப்போவது போதாது. உங்கள் ஆண் கொடியின் மகரந்தம் சின்னக்கண்ணுவின் பெண் கொடியில் காய் பிடித்து, அந்த விதை முளைக்க வேண்டும். அதன் பிறகுதான் ஒரே இனம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பெண் கொடியின் கிழங்கை நான் எடுத்து வருகிறேன்; ஆண் கொடியின் கிழங்குத் தலை ஒன்றை ஆயம்மாளிடம் வாங்கி வாருங்கள். அவர் வேகவைப்பதற்கு முன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. கறிவேப்பிலை மரத்தைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு அம்மா கொடுத்திருக்கிறார். "ரெண்டு கொடியும் ஒரே பந்தலா, தனித்தனியா?" என்று கேட்டார். தனித்தனிப் பந்தல், பெண் பூவுக்கு உறை கட்ட வேண்டும், வேறு மகரந்தம் வரக் கூடாது என்று விளக்கினேன். "கொடிக்கு இவ்ளோ கட்டுக்காவலா? உன்னை நானு இப்பிடி வச்சுக்கினு இருந்தேனா?" என்றார். பிறகு, "அவரு கவுச்சி சாப்பிடுவாரா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் எழுதியும் அதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். தெரிவியுங்கள்.

தீபாவளி விடுமுறையில் ஒரு நாள் வாருங்கள். அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். அவர் மறுக்க மாட்டார். ஆனால் மறுக்கப் போவதுபோல ஒரு மணி நேரம் நடந்துகொள்வார். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கள்ளக்குறிச்சியைவிட்டு வர மாட்டேன், வேலையையும் விட மாட்டேன், சமைப்பது சுமாராக இருக்கும். இவை உங்களுக்குத் தெரியும் என்றாலும், எழுத்தில் இருப்பது நல்லது.

அடுத்த ஐப்பசியில் கொடி காய்த்து, அந்த விதையும் முளைத்தால் அது பழைய இனம். காய்க்காவிட்டால் நான் தவறாக இருக்கலாம். இன்னொரு மழைக்காலம் பார்ப்போம். நீங்கள் கேட்ட மற்றதை அந்த முடிவோடு சேர்க்கவில்லை. அதற்கு என் பதில் சரி என்பதுதான். இதில் எனக்கு ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நிர்மலா